கட்டெறும்பு வளர்ப்பு: கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கான தீனி, குளிருறக்க வழிகாட்டி

ஐரோப்பாவிலிருந்து வரும் எறும்பு வளர்ப்பு வீடியோக்களில் அக்டோபர் பிறந்தால் ஒரே பேச்சுதான்: கூட்டத்தை ஃபிரிட்ஜில் வையுங்கள், மார்ச்சில் வெளியே எடுங்கள். அதைப் பார்த்துவிட்டு லாஸ்பேட்டையிலோ மஞ்சக்குப்பத்திலோ பிடித்த கட்டெறும்பு ராணியையும் டெஸ்ட் டியூபோடு ஃபிரிட்ஜில் வைக்கத் தோன்றும். வைக்கவே வைக்காதீர்கள். குளிர்காலம் முழுக்கத் தீனியில்லாமல் மந்தமாக முடங்கிக் கிடப்பதுதான் குளிருறக்கம், நம் கரையோர எறும்புக்கு அது கிடையாது. ஐந்து டிகிரி குளிரில் அது தூங்காது, விறைத்துப்போகும், புழுக்கள் செத்துப்போகும். நம் ஊரில் கூட்டம் பிழைப்பது தீனியிலும் ஈரத்திலும்தான் இருக்கிறது. அதனால் தீனியை விரிவாகச் சொல்கிறேன். பிரான்சில் இருக்கும் சொந்தக்காரப் பிள்ளைகள் அங்கே எறும்பு வளர்த்தால் அவர்களுக்குக் குளிருறக்கம் கட்டாயம் வேண்டும், அதைக் கடைசியில் முறையாகத் தருகிறேன்.

எந்த எறும்பு?

முதன்முதலாக வளர்க்கிறவர்களுக்கு நான் சொல்வது கருங்கட்டெறும்புதான். கேம்பனோட்டஸ் கம்ப்ரெஸ்ஸஸ் என்பது அதன் அறிவியல் பெயர், 1787இல் ஃபப்ரீசியஸ் வைத்தது. கொடுக்கு கிடையாது. கடிக்கும், கடித்த இடத்தில் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும், அவ்வளவுதான். உருவம் பெரிது என்பதால் உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். முந்திரித் தோப்பிலும் மாமரத்திலும் இலையை ஒட்டிக் கூடு கட்டும் முசுறு பார்க்க அருமையாக இருக்கும், ஆனால் வீட்டுக்குள் அதை அடக்கி வைக்க முடியாது, தோப்பில் அது செய்யும் பூச்சி வேட்டையைக் கெடுக்கவும் வேண்டாம். சிவப்புக் கடி எறும்பை வீட்டில் குழந்தை இருந்தால் நினைக்கவே நினைக்காதீர்கள்.

மழை பெய்து ஓய்ந்த மாலையில் விளக்கடியில் இறக்கை வைத்த எறும்புகள் வரும், இறக்கையை உதிர்த்துவிட்டுத் தரையில் தனியாக ஓடும் பெரிய வயிறுக்காரிதான் ராணி. அதே மாலையில் ஈசலும் வரும். ஈசலுக்கு நான்கு இறக்கையும் ஒரே நீளம், இடுப்பே தெரியாது, உணர்கொம்பு நேராக மணி கோத்த மாதிரி இருக்கும். எறும்புக்கு முன்னிறக்கை பெரிது, இடுப்பு ஒடுக்கம், உணர்கொம்பு முழங்கை போல மடங்கியிருக்கும். புற்றைத் தோண்டி ராணியை எடுக்க வேண்டாம், ஆயிரக்கணக்கான எறும்புகள் வாழும் ஒரு கூட்டம் அதோடு அழிந்துவிடும்.

லேப் சாமான் விற்கும் கடையில் கண்ணாடி டெஸ்ட் டியூப் கிடைக்கும். 16 மி.மீ. அகலம், 150 மி.மீ. நீளம் போதும். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, பஞ்சை இறுக்கி அடைத்து, ராணியை விட்டு, வாயில் இன்னொரு பஞ்சை வையுங்கள். ஆட்டம், அதிர்வு இல்லாத இருட்டு அலமாரியில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். ஃபிரிட்ஜின் தலையிலும் வேண்டாம், மிக்ஸி ஓடும் மேடையிலும் வேண்டாம்.

இந்தக் கட்டத்தில் தீனி ஏதும் தேவையில்லை. இனி பறக்க வேண்டாம் என்பதால் இறக்கைத் தசையையும் உடம்புக் கொழுப்பையும் கரைத்தே ராணி முதல் புழுக்களை வளர்த்துவிடும். நம் ஊர் வெப்பத்தில் முட்டையிலிருந்து முதல் வேலைக்கார எறும்பு வர ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். அதுவரை வாரம் ஒருமுறைக்கு மேல் எட்டிப் பார்க்காதீர்கள். அடிக்கடி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் ராணி கலவரப்பட்டுத் தன் முட்டையைத் தானே தின்றுவிடும்.

யாருக்கு என்ன தீனி

இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. வளர்ந்த எறும்பின் இடுப்பு ஊசி மாதிரி, அதனால் கெட்டியான எதையும் அதனால் விழுங்க முடியாது, திரவம்தான் உள்ளே போகும். உள்ளே போவதில் பெரும்பங்கு முதலில் ஒரு பொது வயிற்றில் நிற்கும், அதை எடுத்து மற்ற எறும்புகளுக்கும் ராணிக்கும் புழுக்களுக்கும் வாயோடு வாய் வைத்து ஊட்டும். தனக்கென்று ஜீரணிக்கிற வயிறு அதற்குப் பின்னால் தனியாக இருக்கிறது. ஓடியாடும் எறும்புக்கு வேண்டியது சர்க்கரை. வளர்கிற புழுவுக்கும் முட்டையிடும் ராணிக்கும் வேண்டியது புரதம். எனவே எத்தனை எறும்பு இருக்கிறது என்று பார்த்துப் பூச்சி போடக் கூடாது, எத்தனை புழு இருக்கிறது என்று பார்த்துத்தான் போட வேண்டும்.

புரதம் கூடினால் நல்லதுதானே என்று கொட்டுகிறவர்கள் உண்டு. ஓட்ரே டுஸ்ஸுடூரும் ஸ்டீஃபன் சிம்ப்சனும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், புரதம் மிகுந்த தீனி தின்ற லேசியஸ் நைஜர் எறும்புகள் (ஐரோப்பாவின் தோட்டத்துக் கறுப்பெறும்பு) சீக்கிரம் செத்தன, கூட்டமே சரிந்தது. கட்டெறும்புக்கு இன்னொரு வசதியும் உண்டு. அதன் உடம்புக்குள் பிளாக்மேனியா என்ற பாக்டீரியா குடியிருக்கிறது, தேவையான அமினோ அமிலங்களை அதுவே செய்து தரும். காட்டில் இந்த எறும்பு செடிப்பூச்சிகள் சுரக்கும் இனிப்பு நீரைக் குடித்தே பெரும்பாலும் காலம் தள்ளுகிறது. ஒருவாரம் பூச்சி கிடைக்கவில்லை என்று பதறாதீர்கள், சர்க்கரைத் தண்ணீர் இல்லாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சர்க்கரைத் தண்ணீர்: வெள்ளைச் சர்க்கரை ஒரு ஸ்பூன், ஆறவைத்த தண்ணீர் நாலு ஸ்பூன். நெல்லிக்குப்பம் ஆலைச் சர்க்கரை இருக்கிற ஊரில் இதற்கென்று தனியாக எதுவும் வாங்க வேண்டாம். தேன் என்றால் ஒன்றுக்கு மூன்று. சுத்தத் தேனைச் சொட்டு வைத்தால் சின்ன எறும்பு ஒட்டிக்கொண்டு சாகும். பட்டாணி அளவு பஞ்சில் நனைத்து, பாட்டில் மூடியில் வையுங்கள். வெல்லக் கரைசல் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், பதநீர் புளித்துவிடும், இரண்டும் வேண்டாம். சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் இனிப்பு மாத்திரைகளில் எறும்புக்குச் சத்தே இல்லை.

பூச்சிதான் இங்கே கவனம் தேவைப்படும் இடம். நம் வீடுகளில் பூச்சிமருந்து இல்லாத மூலை குறைவு. கரப்பான் நல்ல தீனிதான், ஆனால் அது பக்கத்து வீட்டில் வைத்த மருந்துப் பசையைத் தின்றுவிட்டு உங்கள் வீட்டுக்கு வந்திருக்கலாம். வயலில் பிடித்த வெட்டுக்கிளியின் மேல் என்ன தெளித்திருக்கிறார்கள் என்று தெரியாது. நம்பிக்கையான வழிகள் சில உண்டு. பறவைத் தீனி, மீன் தொட்டி விற்கும் கடைகளில் மீல்வார்ம் என்ற வண்டுப் புழு கிடைக்கும், தவிட்டில் போட்டுப் பெருக்கிக்கொள்ளலாம். கனிந்த வாழைப்பழத் துண்டைப் பாட்டிலில் போட்டுத் திறந்து வைத்தால் பழ ஈ வந்து முட்டையிடும், மெல்லிய துணியால் மூடிவிட்டால் பத்துப் பன்னிரண்டு நாளில் சின்னக் கூட்டத்துக்கான தீனி தயார். கொசு பேட்டில் அடித்த கொசுவும் முதல் வேலைக்கார எறும்புகளுக்கு ஏற்ற அளவுதான், அந்த அறையில் கொசு மருந்து எதுவும் ஓடாமல் இருந்தால்.

எந்தப் பூச்சியானாலும் கொதிநீரில் சில நொடி முக்கி எடுத்துக் கொடுங்கள். ஒட்டியிருக்கும் உண்ணிகள் சாகும், இரையும் திமிறாது. கூட்டம் சிறிதாக இருக்கும்போது பூச்சியின் கால்களைக் கழித்து, உடம்பை நடுவில் கீறிக் கொடுத்தால் உள்ளே இருக்கும் சாற்றை உடனே உறிஞ்சும். பூச்சியே கிடைக்காத வாரத்தில் அவித்த முட்டை, உப்பு மசாலா போடாமல் வேகவைத்த இறாலில் மிளகளவு. கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். கடலிலிருந்து வெகுதூரம் தள்ளி வாழும் எறும்புகள் உப்பைத் தேடி வருகின்றன, கரையோர எறும்புகள் அவ்வளவாகத் தேடுவதில்லை என்று மைக்கேல் காஸ்பரி குழு 2008இல் அமெரிக்கக் கண்டங்களில் பார்த்திருக்கிறது. கடற்கரை ஊர்க்காரர்களான நாம் எறும்புக்கு உப்புத் தண்ணீர் வைக்க வேண்டியதில்லை.

கோலமாவு போட்டு எறும்புக்கு ஊட்டுவது நம் வழக்கம், ஆனால் அது விதையும் மாவும் தின்னும் சிற்றெறும்புகளுக்குத்தான் உதவும். கட்டெறும்பு அதைச் சீண்டாது.

கூட்டம் பெருத்துவிட்டால் கூழ் ஒன்று செய்து வைத்துக்கொள்ளலாம். பட்கர், விட்கோம்ப் என்ற ஆய்வாளர்கள் 1970இல் வெளியிட்ட செய்முறை, உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் இதைத்தான் பின்பற்றுகிறார்கள். அரை லிட்டர் தண்ணீரில் பாதியைக் கொதிக்கவைத்து 5 கிராம் கடல்பாசியைக் கரைத்து ஆறவிடுங்கள். பரங்கிப்பேட்டைப் பக்கம் நோன்புக் காலத்தில் இனிப்புக்குக் காய்ச்சுகிறார்களே, அதே கடல்பாசிதான், சுவையூட்டாததாக வாங்குங்கள். மீதித் தண்ணீரில் ஒரு முட்டை, 62 மி.லி. தேன், 1 கிராம் விட்டமின் தாது மாத்திரைத் தூள் போட்டு நன்றாக அடித்து, ஆறிய கடல்பாசியோடு கலந்து கிண்ணத்தில் ஊற்றி உறையவிட்டு, சின்னத் துண்டுகளாக ஃபிரீசரில் வையுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் பூச்சிக்குப் பதில் ஒரு துண்டு.

எப்போது, எவ்வளவு

முதல் நாலைந்து வேலைக்கார எறும்புகள் வந்ததும் ஒரு ஊசிமுனைத் துளி சர்க்கரைத் தண்ணீர், மூன்று நாளுக்கு ஒரு தரம். ஒரு வாரம் கழித்து இரண்டு கொசு அல்லது ஒரு பழ ஈ. இருபது எறும்பு ஆகும்வரை வாரம் இருமுறை புரதம், நூறு தாண்டினால் ஒருநாள் விட்டு ஒருநாள். இவை தொடக்கத்துக்கான கணக்குதான், அப்புறம் கூட்டமே சொல்லும். வயிறு உப்பி, கரும்பட்டைகளுக்கு நடுவே வெளிர்கோடு தெரிந்தால் நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். வைத்ததும் பத்துப் பதினைந்து பேர் மொய்த்தால் பசி. போட்ட பூச்சியைத் தொடாமல் மண்ணையோ குப்பையையோ போட்டு மூடிவிட்டால் வேண்டாம் என்கிறது, அடுத்த முறை பாதி போடுங்கள். வெள்ளை உருளைகளாக இருப்பவை முட்டை அல்ல, கூட்டுப்புழுக்கள், அவை தின்னாது. உள்ளே அவை மட்டுமே இருக்கும் வாரத்தில் புரதத்தைக் குறைத்துவிடலாம்.

கட்டெறும்பு இருட்டில் சுறுசுறுப்பாக இருக்கும், தீனியைப் பொழுது சாய்ந்து வையுங்கள். காலையில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். குளிர் நாடுகளில் ஒரு நாள் முழுக்க விடலாம் என்பார்கள், நம் வைகாசிப் புழுக்கத்தில் பன்னிரண்டு மணி நேரத்தில் இறால் நாறிவிடும். சர்க்கரைப் பஞ்சை இரண்டு நாளுக்கொரு முறை மாற்றுங்கள், வெயில் காலத்தில் தினமும். இதில் நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு: பெரும்பாலான எறும்புகளுக்கு மார்பின் பின்பக்கம் கிருமி கொல்லும் சுரப்பி ஒன்று இருக்கும், கட்டெறும்பு வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு அது கிடையாது. பூஞ்சை வந்தால் அதற்குத் தாங்கும் சக்தி குறைவு.

எறும்புகள் டியூபிலிருந்து தீனிக்கு வந்துபோகும் வெளிப்பெட்டியில் பிணமும் பூச்சித் தோலும் சேரும் மூலை ஒன்று இருக்கும், வாரம் ஒருமுறை இடுக்கியால் எடுத்துவிட்டால் போதும், கூட்டைத் திறந்து சுத்தம் செய்யத் தேவையில்லை. டியூபில் தண்ணீர் தீர்ந்தாலோ பஞ்சு கறுத்தாலோ புது டியூப் ஒன்றை வாயோடு வாய் சேர்த்து, புதியதைக் கறுப்புத் தாளால் மூடி, பழையதன்மேல் வெளிச்சம் படும்படி விடுங்கள். தானே குடிமாறும், சில நாள் பிடிக்கலாம். உதறிக் கொட்டாதீர்கள்.

வளர்ப்புக் கூட்டத்துக்கு நம் வீட்டில் முதல் எதிரி வீட்டு எறும்பேதான். சர்க்கரை வாசனைக்குச் சாமி எறும்பும் கடி எறும்பும் வரிசை கட்டி வந்து ஒரே ராத்திரியில் முட்டை, புழு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய்விடும். பலகாரப் பாத்திரத்தைத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் வைக்கிற பாட்டி வைத்தியம்தான் இங்கேயும்: மேசைக் கால் நான்கையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தி, ஒரு சொட்டு சோப்பு விடுங்கள், நாலு நாளுக்கொரு முறை மாற்றுங்கள், இல்லையென்றால் டெங்கு கொசுவுக்கு நாமே தொட்டி கட்டியதாகிவிடும். உள்ளே இருப்பவை ஏறிப்போகாமல் இருக்கப் பெட்டியின் மேல்விளிம்பில் முகப்பவுடரை ஸ்பிரிட்டில் குழைத்துப் பூசி உலரவிடலாம். ஆனால் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பவுடர் பிடிப்பு விட்டுவிடும், அந்த இரண்டு மாதமும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சுக்கு மாறுங்கள், இறுக்கமான மூடியும் வேண்டும்.

எறும்பு சாக்பீஸ் அந்த அறைக்குள் வரவே கூடாது. கொசுவர்த்திச் சுருளும், பிளக்கில் மாட்டும் கொசு மருந்தும் அப்படித்தான், கொசுவைக் கொல்லும் மருந்து எறும்பையும் கொல்லும். தெருவில் புகை மருந்து அடிக்க வந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பெட்டியை உள்ளறைக்கு மாற்றுங்கள்.

நம் ஊரின் வருஷம்

புழு வளர்வதற்கு 26இலிருந்து 30 டிகிரி வரை நல்ல வெப்பம். நம் கரையில் வருஷத்தில் பெரும்பகுதி வீட்டுக்குள் அதுதான் இருக்கிறது, ஹீட்டர் விளம்பரங்களைக் கடந்து போய்விடுங்கள்.

கத்திரி வெயிலில் நிலைமை வேறு. வெளியே 38, 40 போகும் நாட்களில் மாடி அறையும் மேற்குச் சுவரும் ஆபத்து. ஜன்னல் வழியே வரும் வெயில் நேராகப் பட்டால் கண்ணாடி டியூப் சில நிமிஷத்தில் அவித்துவிடும். கீழ்த்தளத்தில், தரைக்குப் பக்கத்தில் வையுங்கள். ஈரம் ஒரு பக்கம் மட்டும் இருக்கட்டும், மறுபக்கம் காய்ந்திருக்கட்டும், எறும்பு தனக்குத் தேவையான இடத்துக்குப் புழுக்களைத் தூக்கிக்கொண்டு போகும். இந்த மாதங்களில் தண்ணீர்தான் தீனியைவிட முக்கியம்.

மார்கழி, தையில் இரவு 20, 22 டிகிரிக்கு இறங்கும். எறும்பின் உடம்பு வெப்பம் சுற்றுப்புறத்தோடு போவதால் எல்லாமே மெதுவாகும்: முட்டை குறையும், புழு வளர நாளாகும், தீனிக்கு வருகிறவர்களும் குறைவார்கள். நோய் என்று பயந்து ஹீட்டரும் போட வேண்டாம், ‘தூக்கம் வந்துவிட்டது’ என்று ஃபிரிட்ஜிலும் வைக்க வேண்டாம். புரதத்தைப் பாதியாக்குங்கள், சர்க்கரைத் தண்ணீரை அப்படியே தொடருங்கள், அதிகம் தொந்தரவு செய்யாதீர்கள். மாசி பிறந்தால் தானாக வேகம் பிடிக்கும். பொங்கலுக்கு நாலைந்து நாள் ஊருக்குப் போவதானால் தண்ணீர் டியூப் நிறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்பலாம், தண்ணீர் இருந்தால் ஒரு வாரப் பட்டினி பெரிய கூட்டத்தை ஒன்றும் செய்யாது.

குளிர் நாட்டு எறும்பை வாங்கி இங்கே ஃபிரிட்ஜில் உறங்கவைக்கலாமே என்றால், அது முடியாத காரியம் என்றே சொல்வேன். அனுமதியில்லாமல் உயிருள்ள பூச்சியை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது சட்டப்படி குற்றம். 2025இல் கென்யாவில் சுமார் 5,000 ராணி எறும்புகளை டியூபுகளில் கடத்த முயன்ற இரண்டு பெல்ஜிய இளைஞர்களுக்கு நீதிமன்றம் அபராதம் விதித்தது. தப்பித்துப்போனாலும் ஆபத்துதான்: கட்டுக்கடங்காமல் பெருகும் எறும்பு என்ன செய்யும் என்பதற்கு 2022இல் நத்தம் அருகே கரந்தமலைக் கிராமங்களில் மஞ்சள் எறும்பு ஆடுமாடுகளைப் படுத்திய பாடு போதும். நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது: ஃபிரிட்ஜ் நான்கு மாதம் தடையின்றி ஓட வேண்டிய காலம்தான் நம் புயல் காலம். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்தபோது கடலூரில் எத்தனை நாள் கரண்ட் இல்லை என்று ஊரே அறியும், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் கொட்டியது. பாதி உறக்கத்தில் 28 டிகிரிக்குத் திரும்பும் எறும்பு சேர்த்துவைத்த கொழுப்பை எரித்துவிடும்.

பிரான்சில் வளர்ப்பவர்களுக்குக் குளிருறக்கம்

அங்கே பெரும்பாலும் வளர்ப்பது லேசியஸ் நைஜர், தோட்டத்துக் கறுப்பெறும்பு. இதற்கு உடம்புக்குள்ளேயே காலக் கணக்கு இருக்கிறது. அறையைச் சூடாக வைத்தாலும் இலையுதிர்காலத்தில் ராணி முட்டையிடுவதை நிறுத்தும், புழுக்கள் வளராமல் நிற்கும், குளிரைக் கடந்தால்தான் மறுபடி தொடங்கும். ‘பாவம், குளிரும்’ என்று கணப்புப் பக்கத்தில் வைத்திருந்தால் கூட்டம் தேய்ந்துபோகும். தனி ராணியாக இருந்தாலும் உறங்கவைக்க வேண்டும்.

செப்டம்பரிலேயே சர்க்கரைத் தண்ணீரைத் தாராளமாக்குங்கள், வயிறு உப்பட்டும். அக்டோபர் நடுவில் பூச்சியை நிறுத்துங்கள், கூட்டில் மிச்சமிருக்கும் இரையை எல்லாம் எடுத்துவிடுங்கள், உள்ளே அழுகுவதற்கு ஒன்றும் இருக்கக் கூடாது. எறும்புகள் ஒரே குவியலாகச் சேர்ந்து மந்தமாவது தெரிந்ததும் இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக இறக்குங்கள்: கணப்பில்லாத அறை, அப்புறம் 12 டிகிரி அளவில் மாடிப்படி அல்லது கராஜ், அதன்பின் 5 முதல் 8 டிகிரி இருக்கும் இடம். அடுக்குமாடியின் நிலவறை பெரும்பாலும் ஒத்துவரும். இல்லையென்றால் ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டு. ஃபிரிட்ஜுக்குள் காற்று வறண்டது, அதனால் தண்ணீர் நிறைந்த புது டியூபுக்கு மாற்றிவிட்டு, பஞ்சு அடைத்து, அட்டைப்பெட்டிக்குள் படுக்கவைத்து, பக்கத்தில் வெப்பமானி ஒன்றும் வையுங்கள். உறைநிலைக்குக் கீழே போகும் பால்கனி வேண்டாம், தண்ணீர் உறைந்து டியூப் வெடிக்கும்.

நவம்பர் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கம் வரை அப்படியே இருக்கட்டும். தீனி கிடையாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் மட்டம், பூஞ்சை, பஞ்சு வழியே கசிவு இவற்றை மட்டும் பாருங்கள். எறும்பு மெதுவாகக் கால்களை அசைத்தால் உயிரோடுதான் இருக்கிறது. தெற்குப் பக்கத்து விதை எறும்பு மெஸ்ஸர் பார்பாரஸ் வைத்திருப்பவர்கள் இந்த அளவு குளிருக்குப் போக வேண்டாம், 12 முதல் 15 டிகிரியில் இரண்டு மூன்று மாதம் போதும்.

எழுப்பும்போதும் ஒரேயடியாகச் சூட்டில் வைக்காதீர்கள். ஒரு வாரம் 12, 15 டிகிரியில் வைத்து, பிறகு அறைக்குள் கொண்டுவாருங்கள். நடக்கத் தொடங்கியதும் முதலில் சர்க்கரைத் தண்ணீர், பசியோடு குடிக்கும். நாலைந்து நாள் கழித்து, புழுக்கள் பருக்கத் தொடங்கினாலோ புது முட்டை தெரிந்தாலோ, ஒரு சின்னப் பூச்சி. அன்றைக்குத் தின்று முடித்த அளவைப் பார்த்து அடுத்த முறை கூட்டிக்கொள்ளலாம்.